டாரட்டுக்கு முதல் எழுத்து பெருசா, சின்னதா?

மரக்காணத்தில் நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடைக்கு இன்று மதியம் ஒரு அக்கா வந்தார். டாரட் சீட்டில் ஜோசியம் பார்ப்பவர். போர்டில் ‘டாரட்’ என்று இங்கிலீஷில் போட வேண்டுமாம்.

“முதல் எழுத்து பெருசா, கேப்பிட்டலா போடட்டுங்களாக்கா?”

“ஐயோ, வேணாம்மா! சின்னதா போட்டா வெறும் சீட்டு. பெருசா போட்டா அது பேரு. பேரு சொல்லிக் கூப்ட்டா வந்துடும்.”

சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் சின்னதாக அடித்தேன். தானாகப் பெரிதானது.

“செட்டிங்குதான்க்கா, பயப்படாதீங்க.”

செட்டிங்கை எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் பெரிதானது.

அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தார். “கூப்ட்டுட்டியேம்மா!”

அவர் போய்விட்டார். நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு இதை மொபைலில் எழுதுகிறேன்.

நீங்கள் எப்படி எழுதுவீர்கள்? கமென்ட்டில் சொல்லுங்கள். தயவுசெய்து தமிழிலேயே சொல்லுங்கள். நம் எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது.