கிளட்ச் விரல்களுக்கு விட்ட இடம்

2024 பிப்ரவரி 10, சனிக்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். தண்ணீர் வரும் நாள் என்பதால் இரண்டு டிரம்மையும் நிரப்பினேன். ஆறரைக்கு ஃபீனிக்ஸ் பே கப்பல் துறை அலுவலகம். திக்லிபூர் கப்பலின் பயணிகள் பட்டியலைச் சரிபார்த்தேன். ஒரு மணிக்கு வீடு. சூரைக் குழம்பு, அரை மணி நேரத் தூக்கம். மூன்றரைக்கு நண்பர் ஃபேரிங்கோடு வந்து சேர்ந்தார்.

வண்டி தொண்ணூறுகளில் இத்தாலியில் செய்த இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள். மெயின்லேண்டில் விழுந்து நொறுங்கியது. எஞ்சினும் குழாய்ச் சட்டமும் பிழைத்திருந்ததால் கப்பலில் வரவழைத்தேன். டேங்க், ஒற்றை ஸீட், கூராக மேலேறும் வால் எல்லாம் இந்தத் தீவிலேயே செய்தவை. மிஞ்சியது ஃபேரிங், விளக்கையும் ஹேண்டில்பாரையும் சுற்றி வரும் முன்கூடு. அதை ஜங்லிகாட்டில் ஃபைபர் டிங்கிப் படகு கட்டும் இந்த நண்பரிடம் கொடுத்திருந்தேன். தூத்துக்குடிக் குடும்பம், என்னைவிட எட்டு வயது இளையவர். இந்த வண்டிகளின் மேல் எனக்கிருக்கும் அதே பைத்தியம் அவருக்கும்.

மூன்று மாதம் வாக்குவாதம் நடந்தது. "அண்ணே, ரெண்டு லைட்டு வச்சாத்தான் அது முகம். ஒண்ணு வச்சா டார்ச்சு" என்பார். எனக்கு ஒற்றை வட்ட விளக்குதான். சட்டத்தை எதுவும் மறைக்கக் கூடாது. டேங்கின் அடிவிளிம்பில் தொடங்கும் கோடு ஓரிடத்திலும் உடையாமல் மூக்குவரை ஓட வேண்டும். இத்தாலிக்காரன் வண்டிக்கு அந்தக் கோடுதான் உயிர் என்பது என் கட்சி. அதற்காக அவரை நான்கு முறை அச்சைத் திருத்த வைத்தேன். நான்கு தேதிகளும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன.

மாட்டி முடித்தோம். ஹேண்டிலை இருபுறமும் திருப்பினோம், எங்கும் முட்டவில்லை. எதிர் டயர் கடை வங்காளி அண்ணன் வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

"யே தோ பூரா மச்லி ஹை!"

"மீனுன்னா கௌன்சா மச்லி? அதைச் சொல்லும்" என்றார் நண்பர்.

"ஹில்சா."

"போய்யா! இவ்வளவு வேலை செஞ்சிருக்கேன், கொழம்பு மீனுங்கிறான். சுறான்னு சொல்லு, ஒத்துக்கிடுதேன்."

மூவரும் சிரித்தோம். போகும்போது நண்பர் ஃபேரிங்கை ஒருமுறை தடவினார். "நாளைக்குக் காலைப் பூசை முடிஞ்சு வாரேன். பெரார்கஞ்ச் வரைக்கும் நான்தான் ஓட்டுவேன். செஞ்சவன் நான்லா?"

"நீங்கதான்" என்றேன்.

அவர் போன பிறகு கையுறை போட்டு ஸீட்டில் உட்கார்ந்தேன். கிளட்ச்சில் இடக்கை விரல்களை வைத்து ஹேண்டிலை வலப்பக்கம் முழுக்கத் திருப்பினேன். விரல் முட்டிகள் ஃபேரிங்கின் உள்சுவரில் நசுங்கின. நாங்கள் திருப்பிப் பார்த்தபோது கிளட்ச்சில் யார் கையும் இல்லை.

ஸ்கேலை எடுத்து கிளட்ச் பிடிக்கும் ஃபேரிங்குக்கும் நடுவே அளந்தேன். இருபத்தைந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பதுதான் இருந்தது. விளிம்பைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. டிங்கியின் முன்பக்கத்தில், அலை அறையும் இடத்தில், ஃபைபர் மேட் என்ற கண்ணாடியிழை விரிப்பை இன்னும் சில அடுக்கு கூட்டிப் போடுவது அவர் கைப்பழக்கம். வண்டியின் மூக்குக்கும் அதையே செய்திருக்கிறார். அச்சுக்கு உள்ளே பூசுவதால் கூடிய தடிமன் முழுக்க விரல்கள் பக்கம் போய்விட்டது.

என் தவறு அதைவிடப் பெரியது. இருபத்தைந்து என்பதே வெறும் கைக்கு நான் எடுத்த அளவு. கையுறையோடு இருபத்தெட்டு வேண்டும். உள்ளே தேய்த்து மெலிதாக்கினாலும் போதாது. அந்த இடத்தை அரைவட்டமாக வெட்டித்தான் ஆக வேண்டும். அந்த இடத்தில்தான் கோடு போகிறது.

அலைபேசியை இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் கீழே வைத்தேன். நேராக ஓட்டும்போது ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் பெரார்கஞ்சில் திரும்பி வர வண்டியை வலப்பக்கம் வளைத்தே ஆக வேண்டும். கை சிக்கினால் கிளட்ச்சை விடவும் முடியாது, ஹேண்டிலை நேராக்கவும் முடியாது. இருநூறு கிலோ அந்தக் கையின் மேல் சாயும். அவர் இடக்கைக்காரர். ரோலர், பிரஷ், கத்தி எல்லாம் அந்தக் கையில்தான். கையுறை இல்லாமல் ஓட்டச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அவருடைய கையுறையே நான் வாங்கிக் கொடுத்ததுதான்.

இரவு சாப்பிட்ட பிறகும் இறங்கிப் போய் வண்டியைப் பார்த்தேன். சிவப்புப் பெயின்ட்டில் அந்தக் கோடு அவ்வளவு அழகாக இருந்தது. அதனால்தான் நான் இன்னும் அவரைக் கூப்பிடவில்லை என்பது அங்கே நிற்கும்போது தெரிந்தது. குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்தேன். தூக்கம் சரியாக வரவில்லை.

ஞாயிறு, நாலரை. எழுந்ததும் முதலில், முகம்கூடக் கழுவாமல், வெள்ளை பெயின்ட் மார்க்கரோடு கீழே போனேன். ஃபேரிங்கின் வெளிப்பக்கத்தில், வந்ததும் அவர் கண்ணில் படுகிற மாதிரி, கோட்டின் குறுக்கே ஓர் அரைவட்டம் வரைந்து, பக்கத்தில் 'வெட்டணும்' என்று எழுதினேன்.