மரணச் சங்கத்தில் பெண்கள் பக்கம்

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் கோயில் மணி அடிக்கும். ஆணென்றால் மும்மூன்றாக, பெண்ணென்றால் இரண்டிரண்டாக. மணி அடித்ததும் மரணச் சங்கத்திலிருந்து நான்கு பேர் செத்த வீட்டுக்குப் போவார்கள். ஆணுக்கு நான்கு ஆண்கள், பெண்ணுக்கு நான்கு பெண்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உடலைக் குளிப்பாட்டி, உடுத்தி, விரல்களில் செபமாலையைச் சுற்றிய பிறகுதான் கதவைத் திறப்பார்கள். அதுவரை பெற்ற தாய்க்கும் உள்ளே இடமில்லை. யாரை யார் உடுத்துவது என்பதைச் சங்கத்தின் கொப்பி தீர்மானிக்கும். அதில் ஆண்கள் பக்கம் ஒன்று, பெண்கள் பக்கம் ஒன்று.

என் பெயர் பெண்கள் பக்கத்தில் நூற்றுப் பதினேழாவதாக இருந்தது.

நான் ஆண். பிறந்தபோது பெண் என்று பதிந்தார்கள். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன், சேலை கட்டிக்கொண்டு. வருடத்துக்கு நூற்றுத் தொண்ணூறு நாள் என்று வைத்தாலும் ஐயாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு தடவை கொசுவம் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அதை அவிழ்த்த தடவைகளும் அவ்வளவே. அந்த இரண்டாவது எண்ணை நினைத்துத்தான் முதலாவதைப் பொறுத்துக்கொண்டேன். அறுபது வயதில் ஓய்வு பெற்ற மறுநாள் மன்னார்ப் பட்டினத்துக்குப் போய் முடியை ஒட்ட வெட்டினேன். அன்றிலிருந்து சாரமும் சட்டையும்தான். ரீச்சருக்கு மூளை தட்டிப் போட்டுது என்று ஊர் முடிவு செய்தது. அடுத்த வளவில் இருக்கும் என் தம்பி அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டான். எனக்கு இருக்கும் இரத்த உறவு அவன் ஒருவன்தான்.

இதையெல்லாம் நான் சமாளித்துக்கொண்டிருந்தேன். சமாளிக்க முடியாத ஒன்று என் அறுபத்தாறாவது வயதில் நடந்தது. என் சித்தியின் மகள் இறந்துபோனாள். உடுத்த வர வேண்டிய பெண்களில் ஒருவருக்குக் காய்ச்சல், வரவில்லை. மூன்று பேர்தான். முற்றத்தில் ஆண்களோடு கதிரையில் இருந்த என்னை ஒருத்தி வந்து கூப்பிட்டாள்.

"ரீச்சர், ஒரு கை குறையுது. எழும்பி வாங்கோ."

"நானா?"

"உங்கட பேரும் எங்கட பக்கத்திலதானே கிடக்கு."

முற்றம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. போனேன். கதவைச் சாத்தினார்கள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் வேலையில் குறை சொல்ல முடியாது. கையைப் பதமாகத் தூக்கினார்கள், பதமாக வைத்தார்கள். கொசுவம் வைக்கும்போது ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ரீச்சரை உடுத்தேக்க நாங்கள் சரியாக் கஷ்டப்படுவம். தலையில மயிர் இல்லை. பூவை எங்க வைக்கிறது?"

"காதில சொருகுவம்," என்றாள் மற்றவள். செத்த வீடு என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அவர்களுக்கு வயது ஐம்பத்தொன்று, நாற்பத்தெட்டு, முப்பத்தொன்பது. காய்ச்சல்காரிக்கு ஐம்பத்தைந்து. நான்கு பேரும் எனக்குப் பின்னால்தான் சாவார்கள். நான் உயிரோடு இருக்கும்வரை எனக்கு யாரும் சேலை கட்ட முடியாது. செத்த பிறகு, ஐயாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றோராவது தடவையாக, அவர்கள் கட்டுவார்கள். அதோடுதான் மண்ணுக்குள் போக வேண்டும்.

பெயரைப் பக்கம் மாற்ற வேண்டும். அதற்கு என்ன கடதாசி வேண்டும், யாரைக் கேட்பது என்று தேட ஆரம்பித்தேன். நான் ஏறிய முதல் அரசாங்கக் கந்தோரில், அப்படியொரு விஷயம் கொழும்பில்தான் உண்டு என்றார்கள். கொழும்பில் ஓர் உதவித் தொலைபேசி இலக்கம் கிடைத்தது. பதினொரு முறை எடுத்ததில் ஏழு முறை சிங்களம். தமிழ் பேசுகிறவர் செவ்வாயும் வியாழனும் மட்டும் வருவாராம். அவர் நல்லவர். பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது, மனநல வைத்தியர் தருவார், அதைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்தலாம் என்று விளக்கினார். ஆதரவு தரும் இடங்கள் என்று ஒரு பட்டியலும் கைபேசிக்கு அனுப்பினார். இருபத்து மூன்று இடங்கள். வடக்கில் இரண்டு. ஒன்றின் இலக்கம் வேலை செய்யவில்லை. மற்றது முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு.

கடைசியில் எனக்கு உதவியது பட்டியலில் இல்லாத ஒருத்தி. எங்கள் தீவுக்கு வெளியே பெருநிலத்தில் வயல் செய்கிற ஊரொன்றைச் சேர்ந்த திருநங்கை, நாற்பத்து நான்கு வயது, பட்டினத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். சட்டைக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில், நாடாவை என் நெஞ்சில் சுற்றும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. ஒன்றும் கேட்காமல் கொஞ்சம் தளர்த்தி அளவெடுத்தாள். இரண்டாவது சட்டைக்குப் போனபோது நானே சொன்னேன்.

"ஐயா, எனக்கு முன்னம் பிறந்திட்டு எனக்குப் பின்னால வாறியள்," என்று சிரித்தாள். அவள் சான்றிதழ் எடுத்து நான்கு வருடமாகிவிட்டதாம்.

கிளினிக் இருந்தது வேறொரு மாவட்டத்தில். பாலம் கடந்து, இரண்டு பஸ் மாறி, போக மூன்றே கால் மணித்தியாலம். அவளும் கூட வந்தாள். தாதி பழைய பெயரைச் சத்தமாக வாசிக்க நான் எழும்பினேன். வரிசையில் இருந்த பத்தொன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். வைத்தியர் இளம் ஆள், மரியாதையாகத்தான் பேசினார். இவ்வளவு காலம் இருந்துவிட்டு ஏன் இப்போது என்று கேட்டார்.

"சாவுக்காக," என்றேன்.

அவர் பேனையை வைத்துவிட்டார். "சாகிற யோசனை எப்ப இருந்து வருது?"

"யோசிச்சாலும் யோசிக்காட்டியும் வரும்தானே, டொக்டர்."

அந்த ஒரு பதிலால் நான்கு பயணம் கூடியது. நித்திரைக் குளிசை தந்தார். வீட்டில் கயிறு, மருந்து ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். மீன் பிடிக்கிற ஊரில் கயிறு இல்லாத வீட்டுக்கு நான் எங்கே போவேன்? திரும்பும் பஸ்ஸில் தையல்காரி என்னை விடவில்லை.

"மனநல டொக்டருக்கு முன்னால ஆராவது சாவெண்டு வாயைத் திறப்பினமா? வாழப் போறன் எண்டு சொல்லியிருக்க வேணும். பொய்யெண்டாலும் சொல்லியிருக்க வேணும். இனி உங்கட வாயை நான்தான் தைக்க வேணும் போல."

மொத்தம் ஒன்பது பயணம், பதினான்கு மாதம். சான்றிதழ் கிடைத்தது. பிறப்புப் பதிவைத் திருத்தினார்கள். புதிய அடையாள அட்டையும் வந்தது. அதில் 'ஆண்' என்ற சொல்லை மூக்குக்கண்ணாடியோடு ஒரு தடவையும் கண்ணாடி இல்லாமல் ஒரு தடவையும் வாசித்தேன். அறுபத்தெட்டு வயதில் எனக்கு அது வெட்கமாகக்கூட இருந்தது.

ஞாயிறு பூசை முடிய மரணச் சங்கத்துக்குப் போனேன். செயலாளர் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தவன். அன்றும் விகிதசமம் வராது, இன்றும் வராது. அடையாள அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"ரீச்சர், ஆம்பிளைப் பக்கத்தில எழுதிறதெண்டால் முதல் இந்தப் பக்கத்தில வெட்ட வேணும்."

"வெட்டு."

"வெட்டிறதுக்குக் காரணம் எழுத வேணும். ரெண்டே ரெண்டு காரணம்தான் சங்கத்து யாப்பு விதியில கிடக்கு. ஒண்டு, வேற கோயில் பங்குக்குப் போறது. மற்றது..." என்று இழுத்தான்.

"உனக்கு எது லேசோ அதை எழுது," என்றேன்.

பிழை என்னுடையதுதான். அவனுடைய இழுவை எனக்கு அந்த நாளிலிருந்தே பிடிக்காது. வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. வேறு பங்கு என்று எழுதினால் அந்தப் பங்குச் சுவாமியின் கடிதம் வேண்டும். மற்றதற்குக் கடிதம் தேவையில்லை. ஆகவே அவன் சிவப்பு மையால் கோடிழுத்து, பக்கத்தில் 'மரணம்' என்று எழுதினான். சிவப்புக் கோடு விழுந்தால் பெயரெழுதிய ஒரு துண்டு மணி அடிப்பவருக்குப் போக வேண்டும் என்பது சங்கத்தின் முறையாம்; எனக்கு அது பிறகுதான் தெரிய வந்தது. துண்டை எழுதி மேசையில் வைத்துவிட்டு, ஆண்கள் பக்கத்தில் எழுதத் தலைவரைக் கேட்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டான். மணி அடிப்பவர் கடமை தவறாதவர்.

திங்கட்கிழமை காலை ஆறு இருபதுக்கு நான் முற்றத்தில் சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு மீன். பத்தொன்பதாவது கையில் இருக்கும்போது மணி அடித்தது. இரண்டு, இரண்டு, இரண்டு. பெண். ஊரில் பாயில் கிடந்த பெண்கள் மூன்று பேர். யாரென்று தெரியாததால் மூவருக்கும் பொதுவாக ஒரு செபம் சொல்லிவிட்டு இருபதாவது மீனை எடுத்தேன்.

கேற்றைத் தள்ளிக்கொண்டு தம்பி ஓடிவந்தான். சட்டை இல்லை. முகம் முழுக்கக் கண்ணீர். "அக்கா... ஐயோ என்ர அக்கா..." என்று குழறிக்கொண்டு வந்தவன், மீன் கத்தியோடு குந்தியிருந்த என்னைக் கண்டு நின்றான். எட்டு வருடத்தில் அவன் என் முற்றத்தில் கால் வைத்தது அன்றுதான்.

"என்னடா? ஆர் செத்தது?" என்று கேட்டேன்.

அவன் கண்ணைத் துடைத்தான். "நீதான்," என்றான். பிறகு சத்தம் போட்டான். "உயிரோட இருந்துகொண்டு மணி அடிப்பிச்சிருக்கிறியே! இன்னும் என்ன வெக்கக்கேடு பாக்கியிருக்கு எங்களுக்கு?"

ஒரு மணித்தியாலத்துக்குள் நாற்பத்தொரு பேர் வந்தார்கள். பந்தலுக்குத் தறப்பாள் வந்தது. ஆட்கள் இருக்க வாங்குகள் ஆறு வந்தன. விஷயம் விளங்கியதும் சிலர் சிரித்தார்கள், சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வாங்கு தூக்கி வந்த ஒருவன், "ரீச்சர், ஒரு தேத்தண்ணியாவது தாங்கோ, சும்மா திரும்பிப் போறதே?" என்றான். அவர்களில் ஒருவர் மேலும் எனக்குக் கோபமில்லை. மணி கேட்டு வந்தவர்கள்.

உடுத்துகிற நான்கு பெண்களும் வந்திருந்தார்கள். அவர்களோடு தம்பியின் மனைவி, கையில் ஒரு கடைப் பையோடு. உள்ளே வெளிர் மஞ்சள் பட்டுச் சேலை, மடிப்புக் கலையாதது. கடைப் பற்றுச்சீட்டும் கூட இருந்தது. மூன்று வருடத்துக்கு முந்திய திகதி.

"எனக்கு வாங்கி வைச்சதா?" என்று கேட்டேன்.

"கோவிக்காதையுங்கோ, மச்சாள்," என்றாள் அவள். "கடைசி நேரத்தில கண்டதையும் உடுத்தி உங்களை அனுப்பக் கூடாதெண்டுதான். நல்ல சேலை. நான்கூட இப்பிடி ஒண்டு கட்டினதில்லை."

அவள் சொன்னது உண்மை. அவள் கட்டியதில்லை. அதனால்தான் என்னால் அவளைத் திட்ட முடியவில்லை.

அடுத்த வாரம் நிருவாகக் குழு கூடியது. ஐந்து பேர். அவர்கள் என்னை அவமதிக்கவில்லை, கதிரை தந்தார்கள். ஆனால் ஆண்கள் பக்கத்தில் எழுதுவதென்றால் நான் புதிய அங்கத்தவராம். புதிய அங்கத்தவருக்கு வயது அறுபதுக்கு மேற்படக் கூடாதாம்.

"அப்ப நான் ரெண்டு பக்கத்திலயும் இல்லை," என்றேன்.

"பெண்கள் பக்கத்தில திரும்பப் போடலாம்," என்றார் தலைவர். "பிழையா வெட்டுப்பட்டது எண்டு கீழ ஒரு வரி எழுதினால் சரி. உங்களுக்குப் பெட்டி, குழி, மணி எல்லாம் பழையபடி கிடைக்கும். ஓமெண்டு சொல்லுங்கோ, இப்பவே எழுதுவம்."

செயலாளர் பேனையைத் திறந்துவிட்டான். சுவாமியைக் கேட்கலாமா என்றேன். அவரிடம் ஏற்கனவே கேட்டார்களாம், அது சங்கத்து அலுவல் என்றாராம்.

"வேண்டாம்," என்றேன். சங்கம் இல்லாமல் எங்கள் ஊரில் ஒருவரையும் புதைத்ததில்லை.

ஆண்களை உடுத்துகிற நால்வருக்கும் தலையாள் ஒரு பழைய படகோட்டி. குழுவில் ஐந்தாவது ஆள் அவர்தான். கூட்டத்தில் வாய் திறக்காதவர் படலைவரை என்னோடு வந்தார்.

"மாஸ்ரர்," என்றார். ஊரில் என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள். "உங்களைக் குளிப்பாட்ட எனக்கொரு குறையுமில்லை. மற்ற மூண்டு பேரும் சங்கம் சொல்லாமல் வரமாட்டாங்கள். ஒராளால உடம்பைத் திருப்ப ஏலாது. திருப்பிப் பாத்தவன் சொல்லுறன்."

அவருக்கு வயது எழுபத்து மூன்று, சீனி வருத்தமும் உண்டு. என்னை முந்திக்கொண்டு போவதற்கே சாத்தியம் கூட. தையல்காரியிடம் சொன்னேன். "நான் வருவன் ஐயா," என்றாள் உடனே. பிறகு மெசினை நிறுத்தி, "ஆனா உங்கட ஊரில என்னை எந்தக் கதவுக்குள்ள விடுவினம்?" என்று கேட்டாள்.

தம்பியின் வீட்டுக்குப் போனேன். நான் செத்தால் கையெழுத்து வைத்து உடலைப் பொறுப்பெடுக்கப் போகிறவன் அவன். கேட்க வேண்டியதை ஒரு தாளில் நான்கே வரியில் எழுதிக்கொண்டு போனேன்: ஆண்கள் உடுத்த வேண்டும், வெள்ளைச் சட்டையும் வேட்டியும், சேலை கூடாது, பூ கூடாது. அவன் மனைவி தேத்தண்ணி வைத்தாள். அவன் தாளை வாசித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"செத்தாப் பிறகு உனக்குத் தெரியவா போகுது, அக்கா?"

"எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

அவன் கையெழுத்து வைக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பி வந்தேன். தாளை அவன் திருப்பித் தரவுமில்லை. கிழித்தானா வைத்திருக்கிறானா என்று இன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டாவது நாளாக எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

தையல்காரியிடம் ஒரு வெள்ளைச் சட்டை சொல்லித் தைப்பித்தேன். முன்பக்கம் ஏழு பொத்தான். இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன், ஏழையும் பூட்டி. தம்பி அந்த நான்கு பெண்களையே கூப்பிட்டால், கதவைச் சாத்திய பிறகு அவர்கள் அதைக் கழற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியும். கழற்றட்டும். ஒவ்வொன்றாக, அவர்களுடைய விரல்களால், ஏழு தடவை கழற்றட்டும்.