ஏற மட்டும் பழகிய கால்கள்

சாமுண்டி மலைக்கு ஊரார் எப்படிப் போவார்களோ அப்படித்தான் நானும் போனேன். விடிந்ததும் படியேறுவது, அம்மனைக் கும்பிடுவது, மேலே நிற்கிற டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து வீடு வந்து சேர்வது. மைசூரில் இதை யாரும் தப்பென்று சொல்லமாட்டார்கள். ஏறினால்தானே புண்ணியம், இறங்குவதில் என்ன இருக்கிறது? முதுகில் ராகி மாவு மூட்டையைக் கட்டிக்கொண்டு, இரண்டு மாதம் இப்படி ஏறினேன். இமாசலத்துக்குத் தயாராகிறேன் என்று நினைப்பு.

என் நாத்தனார் வங்கியில் வேலை பார்க்கிறாள். இமாசலம் போகிற ஒரு மலையேற்றக் குழுவில் எனக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்துவிட்டாள். அங்கே ஒருநாள் முழுக்கப் பாதையே கிடையாதாம். ஆட்டோ அளவுப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்து கிடக்குமாம். கையும் காலும் ஊன்றித்தான் தாண்ட வேண்டுமாம். நான் பிளவுஸ் தைக்கிறவள், உட்கார்ந்தே பழகிய உடம்பு. அதைக் கேட்ட நாளிலிருந்து மெஷினில் உட்கார முடியவில்லை. பையைக் கட்டுவேன், பிரிப்பேன், கையுறை இருக்கிறதா என்று மறுபடி பார்ப்பேன். ஒரு பிளவுஸுக்கு இரண்டும் இடது கையாக வெட்டிவைத்தேன்.

"இமாசலமா? அங்க கரடிக்கு அளவெடுக்கப் போறியாக்கா?" என்றாள் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி.

"கரடி ஒழுங்கா நிக்கும். உன்னை மாதிரி மூச்சை இழுத்துப் பிடிச்சு ஏமாத்தாது" என்றேன். வாய் மட்டும் எனக்கு எப்போதும் மலையேறும்.

குழுவை அழைத்துப்போகிற வழிகாட்டி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பாண்டவபுரத்துப் பக்கம் குந்தி பெட்டா மலையில் பெரிய பாறையொன்றில் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும், முடியாதவரைக் கூட்டிப்போகமாட்டார். அதைக் கேட்டதும் நாத்தனார் எல்லார் முன்னாலும், "எங்க அண்ணி வரலைன்னா நானும் இல்ல, அஷ்டே, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டாள். அவளுடைய பயணமும் என் முழங்காலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஏறிய ஏற்றத்துக்குக் கைதட்டினார்கள். இறங்கத் திரும்பினேன். கீழே தெரிந்த தரையைப் பார்த்ததும் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே சறுக்கப் பார்த்ததில் சுடிதார் கிழிந்ததுதான் மிச்சம். வழிகாட்டி மேலேறி வந்து, என் பாதத்தைப் பிடித்துப் பிடித்து வைத்து இறக்கினார்.

"படி ஏறிப் பழகினேன்னீங்களே அக்கா, இறங்கிப் பழகலையா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"இறங்கறதுக்கு பஸ் இருக்கே."

மொத்தக் குழுவும் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே, அடுத்த ஞாயிறு ஒரே ஒரு வாய்ப்பு என்றார். பாறையைப் பார்த்தபடி இறங்க வேண்டும். இரண்டு கை, ஒரு கால் ஊன்றியிருக்க, மற்றக் கால் மட்டும் நகர வேண்டும்.

மறுநாளே பஸ்ஸில் மலைக்குப் போய், படிக்கு முகம் காட்டி, கைகளை ஊன்றி, பின்புறமாக இறங்கத் தொடங்கினேன். ஏறி வருகிறவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள்.

"ஏனம்மா, ஹரகேயா?" என்றாள் படிகளுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண். வேண்டுதலா என்கிறாள்.

"முழங்காலுக்கு" என்றேன். அதில் பொய்யில்லை.

"தாயி கொடுப்பா" என்று என் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனாள். அந்த வாரம் முழுக்க எனக்கு வழிவிட்டார்கள், கும்பிட்டார்கள். ஒருவர் தன் மகளுக்கு வரன் அமையவும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னார். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

அடுத்த ஞாயிறு மறுபடி அதே பாறை. ஏறியது நினைவில்லை. திரும்பி, வயிற்றைப் பாறையோடு ஒட்டி, இடது காலைக் கீழே விட்டேன். விளிம்பு அகப்படவில்லை. துழாவினேன். காலை இன்னும் ஒரு சாண் இறக்கியதும் கட்டைவிரலில் கல் தட்டியது. அதன்பின் ஒவ்வொரு காலாகத் தேடித்தேடி, ஒருவழியாய் மண்ணில் நின்றேன்.

"வாங்க அக்கா, போலாம்" என்றார் வழிகாட்டி.

நாத்தனாரைக் கட்டிப்பிடிக்கப் போனேன். போன வாரம் இதே பாறையில் பூனை மாதிரி இறங்கியவள் முகம் வெளுத்து நின்றாள்.

"என்னடி?"

"அண்ணி, பைய்யக் கூடாது, திட்டாதீங்க. நீங்க இறங்கமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"அதுக்கு?"

"உங்கள சாக்கா வச்சு நானும் நின்னுடலாம்னு இருந்தேன். அந்த இமாசலப் பாறை வீடியோ பாத்ததிலிருந்து எனக்கு ஊட்டா, ஒரு வாய் சோறுகூட எறங்கல."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அந்தப் பாறை மேலேயே ஏற்றி உட்காரவைத்திருக்கலாம். ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. அவள் கையைப் பிடித்தேன், சில்லென்று வியர்த்திருந்தது. என் கையும் அப்படித்தான்.

"இப்ப நான் போறேன்டி" என்றேன். "நீ வரலைன்னாலும்."

அவள் என்னை ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, தன் ஷூ நாடாவை அவிழ்த்து, இறுக்கிக் கட்டத் தொடங்கினாள்.