காசு கொடுத்து வாங்கிய துரு

ராயபுரத்தில் துரு இலவசம். கடற்காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், சைக்கிளைத் தின்னும், கிட்டார் கம்பியை மூன்றே வாரத்தில் தின்னும். அதே துருவைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, விளக்குப் போட்டு விற்பார்கள் என்று ஒரு பெரிய கிட்டார் கடைக்குள் நுழையும்வரை எனக்குத் தெரியாது.

நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. ஹார்பரில் கன்டெய்னர்களை ஒன்றோடு ஒன்று பூட்டுவது என் வேலை. போன வருடம் ஒரு பூட்டு என் இடது மோதிர விரலின் நுனியை எடுத்துக்கொண்டது. சர்ச்சிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் இருபது வருடமாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்த கை அது. என் பழைய கிட்டாரின் கழுத்து தடிமன். அதைப் பிடித்தால் மோதிர விரல் நழுவும், அதற்குப் பதிலாகச் சுண்டு விரலை நீட்டினால் எட்டாது. விரலுக்கு வந்த நஷ்ட ஈட்டில் ஒரே ஒரு நல்ல கிட்டார் வாங்கலாம். அதுவும் கைக்கு அமையாவிட்டால் என் வாசிப்பு அத்தோடு சரி.

கடைக்குக் கூட்டிப்போனவன் என் தோஸ்து. என்னோடு சர்ச்சில் வாசிப்பவன், ஹார்பர் சரக்குகளை வெளியே எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்சி நடத்துகிறவன். உலகத்துக்கே தெரிந்த கம்பெனியாம், அதற்குக் கஸ்டம் ஷாப் என்று ஒன்றாம், நமக்கென்றே தனியாகச் செய்து தருவார்களாம். டை கட்டிய விற்பனையாளர் ஒரு வழவழப்பான படிவத்தை நீட்டினார். நிறம் எட்டு வகை, அதற்குக் கீழே பழசாக்கும் வகைகள்: லேசான தேய்மானம், நடுத்தரத் தேய்மானம், பலத்த அடி. அடி கூடக் கூட விலையும் கூடும். அதாவது புத்தம்புதுக் கிட்டாரை ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு கீறுகிறார், திருகாணிக்குத் துரு ஏற்றுகிறார். எங்கள் தெருவில் அதைப் பிள்ளைகள் சும்மாவே செய்வார்கள்.

“கழுத்து ஒரு பக்கம் மட்டும் மெலிசா வேணும் சார்” என்றேன். கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை.

“அந்த ஆப்ஷன் ஃபார்ம்ல இல்லியே சார்.”

தழும்பு மூன்று தரத்தில் உண்டு, கைக்கேற்ற கழுத்து கிடையாது. இதற்குப் பெயர் கஸ்டமாம். எழுந்து வந்துவிட்டேன்.

தோஸ்து பலத்த அடியே வாங்கினான். “மாமு, அம்பது வருசம் வாசிச்ச மாறி கீது பாத்தியா!” என்று தடவித் தடவிக் காட்டினான். அவன் வாசிக்க ஆரம்பித்தே ஏழு வருடம்தான். அவனுடைய மச்சான் காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். ஒருநாள் தோஸ்து வெளியே போயிருந்தபோது வீட்டுக்கு வந்த மச்சான் கட்டிலில் கிடந்த கிட்டாரைப் பார்த்து மனசு பொறுக்காமல், உப்புத்தாளால் தேய்த்து, படகு நீலத்தில் இரண்டு கோட்டிங் கொடுத்துவிட்டான்.

“அடிபட்ட சரக்க உன் தலைல கட்டிட்டானுங்க மச்சான். சோக்கா ரெடி பண்ணிட்டேன், பாரு.”

தோஸ்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். வருத்தப்பட்டேன் என்று எழுதினால் அது பொய்.

அந்தச் சிரிப்போடுதான் திருவொற்றியூரில் தகரக் கொட்டகையில் கிட்டார் செய்யும் ஒரு அக்காவைப் பார்க்கப் போனேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில் இரும்பு ஊற்றுவதற்கான மர அச்சுகள் செய்துகொண்டிருந்தவர். இப்போது வருடத்துக்கு நாலு கிட்டார், மிஞ்சினால் ஐந்து. பெயர்ப் பலகை இல்லை, படிவமும் இல்லை. கடையில் கீறலை விற்பதையும் தோஸ்துவின் கதையையும் நான் நக்கலாகச் சொன்னதும் அவரும் சிரித்தார். பிறகு ஒரு மரக்கட்டையைச் சுற்றி, படகு ஓட்டை அடைக்கும் பட்டிக் களிம்பை ஈரமாக அப்பி நீட்டினார்.

“வாசிக்கிற மாறியே புடிச்சி அழுத்து தம்பி. அந்தப் பதிவ வச்சித்தான் கழுத்து செதுக்குவேன்.”

ஹார்பரில் அடிபட்ட கையை யாரும் வெளியே காட்ட மாட்டோம். நஷ்ட ஈடு வந்துவிட்டாலும், அது சூப்பர்வைசர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் துடைப்பத்தைக் கொடுத்துக் கூட்டச் சொல்லிவிடுவார். ஒரு வருடமாக அப்படியே பழகிவிட்டது. அக்கா கை கழுவத் திரும்பினார். நான் அழுத்தினேன். மோதிர விரல் இருக்கவேண்டிய இடத்தில் அரைகுறையாக ஒரு பள்ளம். சட்டென்று நடுவிரலை நகர்த்தி அதன்மேல் இன்னொரு முறை அழுத்தினேன். பதிவில் நாலு விரலும் முழுசாக இருந்தன.

அக்கா கட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா இது? ஒரே வெரலு ரெண்டு வாட்டி விழுந்துகீது.”

அவர் என் பாக்கெட்டைப் பார்த்தார். கை அதற்குள் மறுபடி போயிருந்தது.

“கடக்காரன் கீறலப் போலியாப் பண்றான்னு அவ்ளோ நக்கல் வுட்டியே. நீ வெரலையே போலியாப் பண்ணிக்கீற.”

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. யாரையும் இளக்காரமாகப் பேசுவது எனக்குக் கைவந்த கலை. அன்றைக்கு அது என் பக்கமே திரும்பியது. அக்கா பட்டியை வழித்து, பிசைந்து, மறுபடி அப்பினார்.

“கைய எட்த்து வை நைனா. நான் இன்னா உன் சூப்பர்வைசரா?”

எடுத்து வைத்தேன். இந்த முறை அவர் திரும்பிக்கொள்ளவில்லை, நானும் மறைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து வந்த கிட்டாரில் ஒரு கீறல் கிடையாது. கழுத்து ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருக்கிறது, சுண்டு விரல் எட்டுகிறது. தோஸ்து ஒருமுறை வாங்கி வாசித்துப் பார்த்து, “இன்னா மாமு, கோணையா கீது” என்று திருப்பிக் கொடுத்தான். முன்பென்றால் அவனுடைய நீலக் கிட்டாரைச் சொல்லி அரை மணி நேரம் வாரியிருப்பேன். அன்றைக்குக் கையை விரித்து, இத்தனை நாள் மறைத்த குட்டை மோதிர விரலை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.