கடைசித் துண்டில் பாதி

கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, ஆப்பிள் பை என்கிற வட்டப் பலகாரத்தின் மேல் வைத்ததும் லவோன் ஒரு கண்ணை மூடிக்கொள்வார். மூன்று வெட்டு, ஆறு துண்டு. பக்கத்தில் அவருடைய அண்ணி ஆர்லிஸ் தன் பலகாரத்தை நான்கு வெட்டில் எட்டுத் துண்டு போடுவார்.

"எட்டாப் போட்டா அது சாப்பாடு இல்ல அண்ணி, ருசி பாக்கக் குடுக்குறது," என்பார் லவோன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். குரல் கடைசி இருக்கை வரை கேட்கும்.

மினசோட்டாவில் எங்கள் சர்ச் விருந்தில் காபி தீர்ந்ததும் இரண்டு தட்டையும் பார்ப்போம். யாருடையது குறைவாக மிஞ்சியதோ, அவர் தட்டுக்குத்தான் அடுத்த வருடம் மேசையில் முதல் இடம். லவோனுக்கு அந்த இடத்தின் மேல் அப்படியொரு ஆசை. போன வருடம் இரண்டிலும் ஒவ்வொரு துண்டு மிஞ்சியது.

"ஆறை விட எட்டு பெரிசு. அப்ப ஆர்லிஸோடதுதான் அதிக மிச்சம். நீ ஜெயிச்சுட்ட," என்றார் உருளைக்கிழங்கு பயிரிடும் டுவேன்.

"எட்டு பேருக்குப் பங்கு போட்டா ஆளுக்குக் கொஞ்சம்தான்யா வரும். அண்ணியோடதுதான் சின்னது. தோத்தது நான்."

தோற்றாலும் ஆறுதான் வெட்டுவார். அந்தப் பிடிவாதத்துக்கு மருந்தில்லை.

கடைசித் துண்டை எங்கள் ஊரில் யாரும் முழுதாக எடுப்பதில்லை. பாதியை வெட்டிக்கொண்டு, பாதியை விட்டுவிடுவோம். இந்த வருடம் லவோனின் கடைசித் துண்டில் பாஸ்டர் பாதி எடுத்துவிட்டார். ஆர்லிஸின் கடைசித் துண்டை ஒருவரும் தொடவில்லை. கோடையில் அவர் மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவு மெலிதாக வரவில்லை, மேலோடு பலகையாகிவிட்டது.

"பன்னிரண்டுல ஒண்ணு, எட்டுல ஒண்ணு," என்றார் டுவேன். "இந்தத் தடவை நான் வாங்கிக் கட்டிக்க மாட்டேன். பன்னிரண்டுல ஒண்ணுதான் சின்னது. நிஜமாவே ஜெயிச்சுட்ட லவோன்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். லவோனின் முகமெல்லாம் சிரிப்பு. ஆர்லிஸ் துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

லவோன் கத்தியை வெந்நீரில் முக்கினார். ஒரு கண்ணை மூடி, அண்ணியின் துண்டைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டார். மேலோடு கடக்முடக்கென்றது. அவரை எனக்கு அப்போது ரொம்பப் பிடித்துப்போனது.

"பதினாறுல ஒண்ணு," என்று மென்றபடியே சொல்லிவிட்டு, தன் தட்டை மேசையின் கோடிக்குத் தள்ளினார்.