படுக்கை விரிப்புக்கு ஒரு பிசினஸ் கோச்

ஊரார் படுத்துத் தூங்குகிற விரிப்பை வெளுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். அவர்கள் நன்றாகத் தூங்கத் தூங்க, என் தூக்கம்தான் குறைந்துகொண்டே வந்தது. சொந்தமாகச் சின்னதாக ஒரு தொழில் வைத்துக்கொண்டு, யாராவது வந்து வழி சொல்ல மாட்டார்களா என்று ஏங்குகிற சக அவதிக்காரர்களே, இது உங்களுக்குத்தான்.

மேனேஜரின் போன்

புதுப்பட்டினத்தில் கடலைப் பார்த்த மணல் மனை ஒன்றில் என் சலவைக்கூடம். என்னோடு தேவகியும் லூர்து மேரியும் வேலை செய்கிறார்கள். மாமல்லபுரம் போகிற சாலையில் இருக்கும் ஒரு ரிசார்ட்டின் விரிப்புகள்தான் எங்கள் மூவருக்கும் சோறு. மத்தியானமானால் கொடியில் கிடக்கும் வெள்ளை விரிப்புகள் காற்றை வாங்கி உப்பும். இடுக்கில் நீலமாகக் கடல் தெரியும். பார்த்துக்கொண்டே நின்றால், கூடமே கப்பல் மாதிரிப் பாய் விரித்துக்கொண்டு எங்கோ கிளம்பிவிடும் போலிருக்கும். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது.

ஆனால் அன்று வந்த போன் கேட்டது. ரிசார்ட் மேனேஜர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "விரிப்பு பிசுபிசுன்னு கீதுன்னு கெஸ்ட்டுங்க கத்துறாங்கம்மா. இந்த சீசனுக்குள்ள சரி பண்ணு, இல்லாட்டி சென்னை கம்பெனிக்குக் குடுத்துடுவேன்."

கண்ணை மூடச் சொன்னவர்

ரிசார்ட் போனால் மூன்று வீட்டிலும் அடுப்பு எரியாது. சோப்பை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன். பிசுபிசுப்பு போகவில்லை. சரி, என் மூளைக்கு எட்டாத விஷயம், ஒரு கோச்சைப் பிடிப்போம் என்று செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். கல்யாண மண்டபத்தில் இலவசப் பயிற்சி. கோட்டுப் போட்ட கோச், "கண்ணை மூடுங்க, உங்க பிசினஸ் எவ்ளோ பெருசா வளரப்போகுதுன்னு பாருங்க" என்றார். ஏசி சில்லென்று இருந்தது. புல்லாங்குழல் ஓடியது. விடியுமுன் எழுந்து துணி ஊறவைத்தவள் நான், கேட்பானேன்? கரையிலிருந்து அடிவானம் வரைக்கும் விரிப்புகள். மேகத்தில் கிளிப் போட்டு மாட்டியிருக்கிறோம். லூர்து மேரி கட்டுமரத்தில் போய் ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கிறாள். கடல் முழுக்க நீலச்சோப்பு வாசனை.

கண் திறந்தால் மண்டபமே கைதட்டுகிறது. "இந்த மேடம் மாதிரி ஆழமாப் போகணும்!" என்று கோச் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் ஊரப்பாக்கத்து பிளெக்ஸ் கடைக்காரர். என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "குறட்டை வந்துச்சுக்கா, நான்தான் இருமி இருமி மறைச்சேன்."

அலை அடிக்காத கடல்

அடுத்த கோச் வீடியோ காலில் வந்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு கடற்கரைப் படம் வைத்திருந்தார். நிஜக் கடலின் எதிரில் உட்கார்ந்துகொண்டு, போனுக்குள் இருந்த அந்தக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாய்ந்த தென்னை, ஆடாத அலை. அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் ஒரு காது தண்ணீரில் முங்கி எழுந்தது. என் பிசுபிசுப்புப் பிரச்சினையைச் சொல்ல வாய் திறந்தால், "மொதல்ல லாண்டரின்னு சொல்றத விடுங்க. நீங்க ஸ்லீப் சொல்யூஷன்ஸ்" என்றார். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. போர்டு எழுதினால் எந்த நிறத்தில் எழுதலாம் என்று மனசு அலைய ஆரம்பித்துவிட்டது.

லூர்து மேரியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஈர விரிப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையை முறுக்கிப் பிழிந்தபடியே கேட்டாள்: "பேரு நல்லாத்தாங்கீது, பிசுபிசுப்புக்கு இன்னா சொன்னாரு?"

நக்கிப் பார்த்தவர்

மூன்றாவது நசீமா மேடம். செங்கல்பட்டில் பேக்கரி நடத்தி மூடியவர். இப்போது சின்னக் கடைக்காரர்களுக்கு யோசனை சொல்கிறார். "எடத்தப் பாக்காம நான் வாயத் தொறக்கமாட்டேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். மூடியவரிடமா யோசனை கேட்பது என்று எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். மத்தியானம் வந்தார். நான் காட்டிய சோப்பையும் மிஷினையும் அவர் சட்டை செய்யவில்லை. நேராகக் கொடிக்குப் போய், காய்ந்த விரிப்பின் ஓரத்தை நாக்கில் வைத்தார். "உப்பு" என்றார்.

மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று திரும்பும். விரிப்பில் உப்பு படியும். ராத்திரி அந்த உப்பே ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அந்த இடத்தில் நின்று அப்படி யோசிக்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. "சவுக்குத் தோப்புக்கு அந்தாண்ட கொடியக் கட்டுங்க" என்ற மேடம், கொஞ்ச நேரம் விரிப்புகளையே பார்த்தார். "நானும் அழகா இருக்குதேன்னு வெயில் விழற ஜன்னல்லதான் கேக் வெச்சிகினு இருந்தேன். கிரீம் உருகிச்சு. ஜன்னல விட மனசு வரல, கடை போச்சு."

தேவகியைத் திரும்பிப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமாடி?" என்றேன். விரிப்பை மடித்தபடியே சொன்னாள்: "தெரியும்க்கா. நீ அதப் பாத்துகினு சிரிச்சிகினே நிப்ப, அதப் போய்க் கெடுக்க யாருக்கு மனசு வரும்?"

தோப்புக்கு அந்தாண்ட

அவள் சொன்னதைக் கேட்டு அழுகை வந்தது, அழுதேன். மறுநாளே மூன்று பேருமாகக் கொடியை அவிழ்த்துச் சவுக்குத் தோப்புக்கு மேற்கே கட்டினோம். அங்கிருந்து பார்த்தால் ஒரு டிரான்ஸ்பார்மரும் யாரோ வீட்டுப் பின்சுவரும் தெரியும். காற்று சவுக்கோடு நின்றுவிடும், விரிப்பு உப்பாது, எங்கும் கிளம்பாது, சும்மா தொங்கும். ஆனால் மொடமொடவென்று காய்ந்தது. சீசன் முடிகிற சமயத்தில் மேனேஜர் வந்து, அடுக்கிலிருந்த விரிப்பொன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "சென்னைக்காரன் வந்தான்மா, வேணாம்னு அனுப்பிட்டேன்."

இப்போதெல்லாம் மத்தியானமானால் கையில் ஒரு துணியும் இல்லாமல் கடற்கரைக்குப் போய்ச் சும்மா நிற்கிறேன். இதனால் பிசினஸுக்கு என்ன லாபம் என்று மட்டும் எந்தக் கோச்சிடமும் கேட்பதாக இல்லை.