மதினியின் முப்பது நோன்பு

எனக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் மதினி மின்விசிறியைக் குறைக்கச் சொன்னாள். குளிர்கிறதாம். கிண்ணியாவில், நல்ல வெயில் காலத்தில், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. என் கழுத்திலிருந்து முதுகு வரை சட்டை ஒட்டிப்போயிருந்தது. அவள் முகம் கழுவிய பீங்கான் மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு ஏதோ பிழை என்று தெரிந்தது. அவள்மேல் எனக்குப் பொறாமை இருப்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

மதினி என் கணவரின் தங்கை. அடுத்த வளவில் இருக்கிறாள். எங்களுக்கு ஏறக்குறைய ஒரே வயது. ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு மாதவிடாய் நின்று கொஞ்சக் காலமாகிறது. சத்தமில்லாமல், விருந்துக்கு வந்தவர் சொல்லிக்கொண்டு போவதுபோல நின்றது. பிறகு உடம்பு கொஞ்சம் சூடானது, டொக்டர் ஈஸ்ட்ரஜன் ஜெல்லும் (குறைந்துபோன பெண் ஓமோனைத் தோல் வழியாகக் கொடுக்கும் களிம்பு) ஒரு மாத்திரையும் கொடுத்தார், அதுவும் போய்விட்டது. இப்போது நல்ல நித்திரை, நல்ல தோல். எல்லாவற்றுக்கும் மேலாக, ரமழானில் முப்பது நோன்பும் விடாமல் பிடிக்கிறாள்.

அந்த முப்பதுதான் என்னைத் தின்றது. எனக்கு மாதவிடாய் நிற்பதாகவும் இல்லை, ஒழுங்காக வருவதாகவும் இல்லை. பெரிமெனோபோஸ் (மாதவிடாய் நிற்பதற்கு முந்திய மாற்றக் காலம்) என்றார்கள். நோன்பின் நடுவில் இரண்டு தடவை வரும்; வந்த நாட்களில் நோன்பு பிடிக்கக் கூடாது. விட்ட நோன்புகளைப் பிறகு கழாவாக (விட்டதை ஈடுசெய்யும் நோன்பாக) பிடிக்க உட்கார்ந்தால் அப்போதும் வரும். “எனக்கு அல்ஹம்துலில்லாஹ், இந்த முறையும் முப்பது” என்பாள் மதினி. மாஷா அல்லாஹ் என்று வாயால் சொல்வேன். வயிறு எரியும்.

மதினிக்குக் குளிர்ந்த அந்த நாளுக்கு முந்திய வருடமே எனக்குத் தைரொயிட் சுரப்பி மந்தமாகிவிட்டது என்று கண்டுபிடித்திருந்தார்கள். முடி கொட்டியது, உடம்பு ஊதியது, காலையில் எழும்பவே ஏலாமல் இருந்தது. தைரொக்சின் (சுரப்பி தராத ஓமோனைத் தரும் மாத்திரை) தந்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் போடச் சொன்னார்கள். ஒழுங்காகத்தான் போட்டேன்.

நோன்பு முடிகிற வாரத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சுரப்பு போதவில்லை என்று வந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். நோன்புப் பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் என் உடம்பு பேய் பிடித்ததுபோல ஆனது. நெஞ்சு படபடத்தது. பிடித்த தேத்தண்ணிக் கோப்பை நடுங்கியது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் பொரிந்து தள்ளினேன். கணவர் பாவம், ஒரு நாள் சோற்றில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டு, நான் பார்த்த பார்வையில் உப்புப் போத்தலை எடுக்காமலேயே சாப்பிட்டு முடித்தார்.

எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: இது அந்த வயது. நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்குத் தேவை மதினியின் ஜெல்தான் என்று முடிவுகட்டினேன். அவளுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

கணவர் மோட்டார் சைக்கிளில் நகரத்துக்குக் கூட்டிப்போனார். பாலத்தில் கடல் காற்று அடித்தபோது மட்டும் உயிர் வந்தது. கிளினிக்கில் ஒரு பெண் டொக்டர் இருந்தார், ஆறுதலாகக் கதைக்கிறவர். நான் உட்கார்ந்ததும் ஜெல் வேண்டும் என்றேன். அவர் என் கையை நீட்டச் சொல்லி நடுக்கத்தைப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். இதயத்தின் துடிப்பைப் பதிவுசெய்து பார்க்க அனுப்பினார். அந்தப் பதிவைக் கொண்டுவந்து காட்டியதும் அவர் முகம் மாறியது.

“தைரொக்சின் எப்ப போடுறனீங்கள்?”

“காலையில, வெறும் வயித்தில, டொக்டர்.”

“எப்பவுமே அப்படித்தானோ?”

“ஓம். நோன்பு மாசம் மட்டும் சஹரோட.” சஹர் என்பது விடிவதற்கு முன் சாப்பிடுகிற சாப்பாடு.

“சஹருக்கு என்ன சாப்பிடுறனீங்கள்?”

சோறு, தயிர், வாழைப்பழம், பால் தேத்தண்ணி என்றேன். எலும்புக்குத் தந்த கல்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்தே போட்டேன் என்றேன். விடிகாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் எல்லாம் முடிய வேண்டுமே. எங்கள் வீட்டில் எல்லாரும் எல்லா மாத்திரையையும் அப்படித்தான் கடைசி மிடறு தேத்தண்ணியோடு விழுங்குவோம்.

டொக்டர் பேனையை வைத்தார். “அப்ப அந்த மாசம் நீங்கள் மருந்து எடுக்கேல்ல, மாத்திரையைச் சும்மா விழுங்கியிருக்கிறியள். பாலும் கல்சியமும் அதை உடம்புக்குள்ள விடாது. ரிப்போட்டில குறைவு எண்டு காட்ட, அளவைக் கூட்டியிருக்கினம். பெருநாள் முடிய நீங்கள் திரும்ப ஒழுங்காப் போட்டிருக்கிறியள். இப்ப மருந்து கூடிப்போச்சு.”

“அப்ப இது வயசு இல்லையா?”

“வயசும்தான். ரெண்டும் ஒண்டுக்கு மேல ஒண்டு கிடக்கு. முதல்ல மேல கிடக்கிறதை எடுப்பம். இதயம் ஒழுங்கில்லாமல் ஓடுது. அது அடங்கினாத்தான் ஜெல்லைப் பற்றிக் கதைக்கலாம். வாற நோன்பைப் பற்றியும் அப்பத்தான் சொல்லுவன்.”

வாற நோன்பு. மதினி முப்பது பிடிக்க, நான் ஒன்றுமே பிடிக்காமல் இருப்பதா? ஜெல் கேட்டுப் போனவள், இருந்த மாத்திரையையும் குறைத்துக்கொண்டு வந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நெஞ்சு நின்றுவிடுமோ என்று பயந்ததைவிட, அந்த ரமழானில் மதினி என்னைப் பாவமாகப் பார்ப்பாளே என்றுதான் அதிகம் பயந்தேன்.

இதே நிலையில் இருக்கிற பெண்களுக்கு ஒன்று சொல்வேன். படபடப்பு, வியர்வை, நித்திரையின்மை எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டிவிடாதீர்கள். தைரொயிட் கூடினாலும் இவைதான் வரும். எந்த மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள் என்பதை டொக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நோன்பு வருவதற்கு முன்பே போய்க் கேளுங்கள்.

படபடப்பு அடங்க மாதங்கள் எடுத்தன. அடங்கிய பிறகும் வியர்வை மிச்சமிருந்தது. அதுதான் வயதின் பங்கு. ஜெல் கிடைத்தது. அதோடு மாதத்தில் பாதி நாளுக்குப் புரொஜெஸ்டரோன் மாத்திரையும் (கருப்பையின் உட்சுவர் தடிக்காமல் காக்கும் ஓமோன்) கிடைத்தது. இந்த மாத்திரையை நிறுத்தியதும் மாதவிடாய்போல இரத்தம் வரும் என்றார். மதினிக்கு முழுதாக நின்றுவிட்டதால் அவளுடைய மருந்துமுறை வேறு; அவளுக்கு வராது. பாருங்கள், இதிலும் அவளுக்குத்தான் அதிர்ஷ்டம்.

ரமழான் நெருங்கியபோது டொக்டர் நோன்புக்குச் சம்மதித்தார். தைரொக்சினைப் படுக்கப் போகும்போது போடச் சொன்னார். மாலையில் நோன்பு திறந்ததும் சோற்றை முடித்துவிட்டு, அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்தான்.

“மாதவிடாயைத் தள்ளிப் போடேலுமா, டொக்டர்?”

“ஏலும். ஆனா இப்பதான் உங்கட உடம்பு ஒரு ஒழுங்குக்கு வருது. யோசிச்சுச் சொல்லுங்கோ.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். தள்ளிப்போட்டால் முப்பது. மதினியின் முகத்துக்கு நேரே முப்பது. ஆனால் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாமல் அத்தனை காலம் கிடந்தவளுக்கு, சொன்ன நாளில் வருகிற உடம்பு என்பது பெரிய விஷயம். வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

வந்தது. அந்த நாட்களில் எங்கள் பெண்கள் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆண்களும் பிள்ளைகளும் காணாமல் சாப்பிடுவார்கள். நானும் பகலில் கதவைச் சாத்தி, பாணும் முட்டைப் பொரியலும் தேத்தண்ணியுமாக உட்கார்ந்தேன். நோன்புக் கஞ்சியில் வாசத்துக்குப் போட ரம்பை இலை கேட்டு மதினி பின்பக்கத்தால் வந்துவிட்டாள்.

“லீவா, மதினி?”

“ஓம்.” இப்போது தன் கணக்கைச் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “எனக்கு இனி லீவே இல்ல. மௌத்தாகுற வரைக்கும் முப்பதும்தான். கதவச் சாத்திட்டுக் களவாத் தேத்தண்ணி குடிக்கிற ருசி, அது போனாப் பொறகுதான் தெரியிது. போன நோன்பில ஒரு நாள் இதை நெனச்சு அழுதன், மதினி. ஆருக்கிட்டச் சொல்ற?”

அவள் என் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவு காலமும் அது என் கண்ணில்தான் இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பின்னால்தான் இன்னொன்று உறைத்தது. எனக்கும் ஒரு நாள் இது கடைசித் தடவையாக வரும். கடைசி என்று அன்றைக்குத் தெரியாது. வழக்கம்போல கதவைச் சாத்திவிட்டு அவசரமாகக் குடித்து முடித்திருப்பேன்.

நோன்பு பிடித்தவளுக்கு முன்னால் சாப்பிடுவது மரியாதை இல்லை. எழும்பிப் போய் ரம்பையை வெட்டிக் கொடுத்திருக்க வேண்டும். நான் தேத்தண்ணியை எடுத்து, மெதுவாக, ஒவ்வொரு மிடறாகக் குடித்தேன். மதினியும் போகாமல், கடைசி மிடறு வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.